எங்கள் நாய் எங்கே படுத்தது?

எண்பத்து நாலா, எண்பத்தைந்தா என்று இப்போது சரியாக நினைவில்லை. கார்த்திகை மாதம் என்பது மட்டும் நிச்சயம். ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பூனை, ஒரு நாய். பூனை உள்ளே, நாய் வெளியே. இது நான் போட்ட சட்டம்.

நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். சுத்தம் என்றால் எனக்கு உயிர். நாயை வீட்டுக்குள் விட்டால் அப்புறம் நாம் வாசலில் படுக்க வேண்டியதுதான் என்பேன். "பூனைக்கு அடுப்பு மூலை, நாய்க்கு மழை. நல்ல நியாயம் போ!" என்று கணவர் கேலி செய்வார். பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, உங்கள் நாய் செய்யுமா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவேன். நாயின் பெயர் ஜிம்மி. மனிதர்கள் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஜிம்மி கோபித்துக்கொள்ளாது. காலையும் மாலையும் பின்வாசலில் ஒரு தகரத் தட்டில் சோறு வைப்பேன். தின்றுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். ஆறு வருடமாக இதுதான் எங்கள் உறவு. மழைக்கு எங்கேயாவது ஒரு கொட்டகையில் ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்வேன்.

அது காப்பிப் பழம் பறிக்கிற சமயம். தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த ஒரு பெண், பறிப்பு முடிந்ததும் எனக்கு மாவாட்டிக் கொடுக்க வருவார். கூடவே அவருடைய மகளும் வரும். ஏழு வயதுப் பிள்ளை. ஒரு திங்கட்கிழமை மாலை அந்தப் பிள்ளை பின்வாசல் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. ஜிம்மி நனைந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றது. அடுத்த நிமிடம் ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையின் முன்கையில் நான்கு பல் பதிந்து ரத்தம் வடிகிறது. நான் கையில் கிடைத்த விறகுக் கட்டையை எடுத்து ஜிம்மி மேல் வீசினேன். அது கத்திக்கொண்டே காப்பிச் செடிகளுக்குள் ஓடி மறைந்தது.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாயையும் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டுக்கு விரைந்தோம். வழியில் அந்தப் பிள்ளை விசும்பிக்கொண்டே சொன்னது: "அதும் காதுல புண்ணு இருந்துச்சுங்க. பாவமேன்னு தொட்டேனுங்க. அதான் கடிச்சிருச்சு."

என்ன புண்? நான் பார்க்கவே இல்லையே!

டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "வீட்டு நாயா? தினமும் கண்ல படுமா?"

"எங்க ஊட்டு நாய்தானுங்க சார். எந்நேரமும் கண்ணு முன்னாலதான் இருக்கும்."

"உடம்புல ஏதாவது காயம் இருக்கா? வேற நாயோ நரியோ கடிச்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று இன்று வரை யோசிக்கிறேன். சொந்த நாயைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று ஒரு டாக்டர் நினைத்துவிடக் கூடாது என்ற கௌரவம். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. ரைட்டரம்மா சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, ஊசி தேவையில்லை. நடுவில் சோறு தண்ணீர் எடுக்காமல் போனாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி தெரியுமல்லவா? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. வெறி பிள்ளைக்கு வந்துவிட்டாலோ ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலியைத் தேடி எடுத்துக்கொண்டு ஜிம்மியைக் கூப்பிட்டேன். காணோம். சோறு வைத்தேன். காலையில் தட்டில் சோறு அப்படியே இருந்தது, அதில் எறும்பு ஏறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளையின் தாய் வந்து கேட்டார். "ஏனுங்க அம்மா, நாயி நல்லாயிருக்குதுங்களா?"

"ம், இருக்கு" என்றேன். இரண்டாவது பொய். இன்று இரவு வந்துவிடும், நாளை கட்டிவிடலாம் என்ற நினைப்பு. அவர் நிம்மதியாக உட்கார்ந்து மாவாட்டினார். உரல் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே நான் பின்வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமையும் வரவில்லை. அன்று மத்தியானம் ஜீப் டிரைவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாரமங்கலம் பக்கம் ஒரு நரி கடித்து, கன்றுக்குட்டி ஒன்று வெறிபிடித்துச் செத்ததாம். காதில் புண் என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு நினைவு வந்தது. குடையைக் கூட எடுக்காமல் மிளகுக் கொடிகளுக்குள்ளும், பழம் காயவைக்கிற களத்திலும், ஓடைப் பக்கத்திலும் ஜிம்மி, ஜிம்மி என்று கத்திக்கொண்டு திரிந்தேன். எங்கே போய்த் தேடுவது என்றே தெரியவில்லை. அது எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

லைன் வீடுகளுக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பதறிப்போய் பாயை விரித்தார். நான் உட்காரவில்லை. நாய் திங்கட்கிழமையே போய்விட்டது, நேற்று நான் சொன்னது பொய், அதன் காதில் இருந்த புண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று நின்றபடியே சொன்னேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் குரல் உயரவில்லை. "தெரியாதுன்னு அன்னைக்கே டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. மூணு நாளு போயிருச்சே. எம்புள்ளைக்கு எதாச்சும் ஒண்ணு ஆனா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

காலையில் முதல் பஸ்ஸுக்கே சேலம் போய் ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். பிள்ளையின் தாய் என்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நானாகப் போய் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தது. ஆஸ்பத்திரியில் தாய் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் ஊசி இறங்கியபோது அந்தச் சின்னக் கால்கள் என் கைக்குள் விறைத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை அந்த இடம் வீங்கிச் சிவந்திருந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது.

இதற்குள் எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெறிநாய் திரிகிறது, கண்ட இடத்தில் அடித்துப்போடுங்கள் என்று ஆண்கள் தடியோடு கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. ஆனால் ஜிம்மி அடிபட்டுச் செத்தால் அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். பிள்ளை பதினான்கு ஊசியும் போட்டுக்கொண்டாக வேண்டும். வாசற்படி ஏற விடாத நாயின் உயிருக்காக நான் அந்த வாரம் வேண்டாத தெய்வம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது ஊசி போட்டுவிட்டு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எதிரே வந்த ஒருவர், மலைச்சரிவில் இருக்கிற சின்ன மாதா கோவிலைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வீட்டுக்குள் நாய் இருப்பதாகவும், ஆட்கள் அங்கே போயிருப்பதாகவும் சொன்னார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பனி இறங்கிப் பாதையே தெரியவில்லை. எதிரில் ஆட்களின் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழெட்டுப் பேர் தடியோடு நின்றார்கள். வாசலை மறித்துக்கொண்டு கணவன் மனைவி இரண்டு பேர். கோவிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவர்கள். அந்த மனைவி கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"இது எங்க ஊட்டு நாயிங்க. குட்டின்னு பேரு. அஞ்சாறு வருசமா தெனமும் ராத்திரி எங்க அடுப்போரமாத்தான் படுக்குது."

"பொய் சொல்லாதீங்க. இது ரைட்டர் ஊட்டு நாயி" என்றார் கூட்டத்தில் ஒருவர். அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். "ஏனுங்க அம்மா, இது உங்க நாயிதானுங்களே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆறு வருடமாகச் சோறு போட்டிருக்கிறேன். ஆனால் அது எங்கே படுக்கிறது என்பது இப்போதுதான், அதுவும் இன்னொருவர் சொல்லித் தெரிகிறது.

"நான் சோறு போட்டேங்க. மத்தபடி அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தம்மாவைக் கேளுங்க" என்றேன். சொல்லும்போது முகம் எரிந்தது.

அந்த அம்மா மடமடவென்று சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன் எஸ்டேட் முள்கம்பியில் மாட்டிக் காது கிழிந்துவிட்டது. அவரே கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை முதுகில் அடியோடு ஓடி வந்திருக்கிறது. எதையோ கடித்துவிட்டது, ஆட்கள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொன்றுவிடுவார்களே என்று வெளியே விடாமல் வைத்திருந்தார்களாம். கடிபட்டது ஒரு பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியாது.

"சொல்றதெல்லாம் நம்ப முடியாதுங்க. ஊரைக் கடிச்ச பொறகு அழுது என்ன பண்றது?" என்று ஒருவர் தடியோடு படியில் கால் வைத்தார்.

அப்போது என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றார். "யாரும் அது மேல கை வெக்காதீங்க! கடிபட்டது எம்புள்ள. நாயி செத்துப்போனா புள்ளைக்குப் பதினாலு ஊசியும் போடோணும். அது உசுரோட இருக்கோணும். அடிக்கறதுன்னா மொதல்ல என்னைய அடிங்க."

தடிகள் இறங்கின. "தண்ணி குடிக்குதான்னு பார்த்துரலாம்" என்று யாரோ சொன்னார்கள். வெறிபிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கதவைத் திறந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் ஜிம்மி கழுத்தில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார். அது முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் கையில் இருந்த பிள்ளை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"குடி சாமி, ஒண்ணுமில்ல, குடி" என்று அந்த அம்மா அதன் முதுகைத் தடவினார். ஜிம்மி எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து, சளப் சளப் என்று சட்டி காலியாகும் வரை குடித்தது. நான் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

கால்நடை டாக்டரும் வந்து பார்த்தார். நன்றாகத்தான் தெரிகிறது, ஆனாலும் பத்து நாள் முடியட்டும், அதுவரை ஊசியை நிறுத்த வேண்டாம் என்றார். அதனால் தினமும் காலையில் சேலத்துக்கு ஊசி, திரும்பி வந்ததும் அந்த வீட்டில் நாய். சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். திங்களும் செவ்வாயும் போயின. புதன்கிழமை ஏழாவது ஊசி. அன்றோடு பத்து நாள். வியாழக்கிழமை காலையில் போனபோது ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு என் புடவையில் சேற்றுக் காலை வைத்தது. பார்க்க வந்த கால்நடை டாக்டர், இனி ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நாயைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்த ஏழும் போட்டிருக்க வேண்டியதில்லை.

கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுக்க வந்தார்கள் அந்தத் தம்பதி. நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் நாயை அவர்களிடமே விட்டுவிட்டு, நேராக லைன் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலிருந்தே, நாய் நன்றாக இருக்கிறது, இனிமேல் ஊசி கிடையாது என்று கூவினேன். தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என் முகத்தையே பார்த்துக் கேட்டது.

"நெசமாவுங்களா? நாயை நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன் கண்ணு. தொட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன்" என்று புடவையில் இருந்த சேற்றைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளை நம்பியது.

நாயையும் பூனையையும் வீட்டுக்குள் வைப்பதா வெளியில் விடுவதா என்று இப்போதும் யாராவது என் முன்னால் வாதாடினால் நான் எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. ஆனால் எதைப் பற்றியாவது "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், அந்த ஏழு வயதுப் பிள்ளை என்னை நம்பாமல் கேட்ட அந்தக் கேள்விக்கு முதலில் மனதுக்குள் பதில் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன்.