ஊசிக்கும் டியூஷன்

செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் பழைய வினாத்தாளை ஒருதரமாவது முழுதாகச் செய்து பார்க்காமல் பரீட்சைக்குப் போனதில்லை. போக நான் விட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் கணவருக்கு ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை நிமோனியா வந்தது. கடைசித் தடவை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அவருடைய உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறதா, சும்மா படுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. முதலில் இரத்தம் எடுப்பார்கள். அன்றைக்கே நிமோனியாத் தடுப்பூசி போடுவார்கள். நான்கு கிழமை, அதாவது ஒரு மாதம், கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்கிற எதிர்ப்பொருள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் அளப்பார்கள்.

அளப்பார்கள் என்றால் மார்க் போடுவார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. கடிதத்தின் மிச்சத்தை நான் ஒழுங்காக வாசிக்கவில்லை.

"ஆயத்தம் இல்லாமல் போக ஏலாது," என்றேன்.

"இரத்தம் குடுக்க என்ன ஆயத்தம்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று கிழமை இருக்கும்போது, மெயின் ரோட்டு மருந்துக்கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதே தடுப்பூசியைக் காசுக்குப் போடுவித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். இந்த ஊசி முன்பு போட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது நான்தான். 'இல்லை' என்று அடையாளம் போட்டேன். சலுகை கேட்டு ஊர்க் கவுன்சிலுக்கு நான் நிரப்பிய படிவங்களோடு பார்த்தால் இது பொய்யே இல்லை.

இரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மறுநாள் அவருடைய கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிச் சிவந்துவிட்டது. "உம்மடை டியூஷன்," என்றார். நான் ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

இரண்டாவது இரத்தமும் கொடுத்து, முடிவு கேட்கப் போனோம். மருத்துவர் தமிழ்நாட்டுப் பெண். என் மகள் வயது இருக்கும். மேசையில் ஒரு தாள். கிருமியில் பல வகை உண்டாம். வகைக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு எண்கள். ஊசிக்கு முன் ஒன்று, பின் ஒன்று. தாளைத் தலைகீழாகவே வாசிக்க எனக்கு வரும். ஊசிக்கு முந்திய வரிசையிலேயே எல்லாம் நல்ல எண்கள். எனக்குள் ஒரே புளுகம், துள்ளாத குறைதான்.

மருத்துவரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"முதல்ல இருந்த அளவுதான் சார் கடைசியிலயும் இருக்கு. ஊசி போட்டும் எதுவுமே ஏறலை. புதுசா எதிர்ப்பொருள் செய்ய உங்க உடம்பால முடியலையோன்னு பயப்படுறேன். இன்னொரு விதமான ஊசி போட்டுப் பார்ப்போம். அதுவும் சரியா வரலைன்னா மூணு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்து எதிர்ப்பொருளை டிரிப்பா ஏத்திக்கணும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"அனேகமா ஆயுசுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். அன்று வீங்கிய கையைத் தடவிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முப்பது வருடத்தில் இந்த மனிதர் மீது எனக்கு அவ்வளவு அன்பும், என் மீதே எனக்கு அவ்வளவு கோபமும் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

"கை வீங்கிச்சா சார்?" என்றார் மருத்துவர்.

"ஓம், கொஞ்சம்," என்றார் அவர்.

"கொஞ்சம் இல்லை டொக்டர்," என்றேன். "நான்தான் மூண்டு கிழமைக்கு முதல் கடையிலை ஒருக்கா போடுவிச்சனான். முதல் இரத்தத்திலையே நல்ல மார்க் வரட்டும் எண்டு."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அம்மா, முதல் ரத்தம் ஊசிக்கு முன்னாடி இருந்த நிலைமை. அது குறைவா இருந்தாத்தான் ஏறுறது தெரியும். நீங்க மேல ஏத்தி வச்சுட்டு ஏறலையேன்னா நான் என்ன பண்றது?"

கழித்தல் கணக்கை மற்றவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

பிறகு மருத்துவர் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்த இரத்தத்தில் ஒரு சின்னக் குழாய் குளிரூட்டியில் இன்னும் இருந்தது. எங்கள் நல்ல காலம். அதையும் மற்ற இரண்டையும் ஒன்றாக வைத்து மறுபடி அளந்தார்கள்.

அந்த இரண்டு கிழமையும் நான் ஒரு பிள்ளையையும் ஏசவில்லை. தாய்மார் எனக்குச் சுகமில்லையோ என்று விசாரித்தார்கள்.

புதிய தாளில் இரத்தத்துக்கு ஒன்றாக மூன்று வரிசை. முதலாவது, நிமோனியாவோடு கிடந்தபோது எடுத்தது, படு மோசம். இரண்டாவதில், அதாவது என் கடை ஊசிக்குப் பிறகு, எல்லாம் மளமளவென்று ஏறியிருந்தது. உடம்பு நன்றாகவே வேலை செய்கிறது, டிரிப் வேண்டாம் என்றார் மருத்துவர். கார் தரிப்பிடத்தில் நின்று நான் அழுதேன். அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறைக்குள் போனார். அங்கே சுவரில் என் கெட்டிக்காரப் பிள்ளைகளின் மார்க் தாள்களை ஒட்டி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு மேலே தன் தாளை ஒட்டினார். பக்கத்தில் நான் நிரப்பிய படிவத்தின் பிரதி. அதை எப்போது கேட்டு வாங்கினார் என்று தெரியாது. 'இல்லை' என்ற என் அடையாளத்தின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிய பிழைக்குறி போட்டிருந்தார்.

பிள்ளைகள் தினமும் பார்த்துச் சிரிக்கிறார்கள். கழற்ற எனக்கு மனம் வரவில்லை.