ஜெசிந்தா அக்காவிடம் கேட்காத கேள்வி

செவ்வாய்க்கிழமை நான் மூன்றாம் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பாடசாலை அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து, உளவளத்துணையாளர் ஜெசிந்தா அக்கா யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார் என்றார். இடுப்பெலும்பில் புற்றுநோயாம். ஒரு வருடமாகவே நோவோடு திரிந்தாராம். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

அவரிடம் போன உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் லேசுப்பட்ட ஆளில்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு முதுகு நோ என்னைக் கதிரையோடு கட்டிப்போட்டிருந்தது. நின்று படிப்பிக்க முடியாவிட்டால் கந்தோரில் எழுத்து வேலைக்கு மாற்றுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எத்தனை குளிசை விழுங்கியும் நோ கேட்காமல்போக, ஊர்காவற்றுறையில் அவர் வாராவாரம் நடத்திய கிளினிக்குக்குப் போனேன். நோவை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"ஏலாது. நோவோட நிக்கப் பழக்கலாம்," என்றார். இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

நோ கூடினாலும் குறைந்தாலும், ஐந்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் கதிரையில் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. நோ குறைந்த ஒரு நாள் காலை முழுவதும் நின்று படிப்பித்துவிட்டு மூன்று நாள் பாயில் கிடந்தேன். "நல்ல நாளிலதான் நீர் உம்மைக் கெடுக்கிறீர்," என்று கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் ஏசினார்.

அதைவிடப் பெரிய கூத்து, என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னதுதான். "நோ எப்பிடி எண்டு இனி ஒருத்தரும் கேக்கக்கூடாது. இண்டைக்கு என்ன செய்தனீர் எண்டு கேளும்." சுகம் விசாரிக்காமல் எங்கள் ஊர் நாரந்தனையில் ஒரு வீடு இருக்குமா? மனைவி கேட்பதை நிறுத்தியதும் எங்களுக்குள் சண்டை என்று அயலட்டையில் கதை பரவி, தேவாலயத்துப் பங்குச் சுவாமியார் சமாதானம் பேச வந்துவிட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் விசாரிக்க ஆளில்லாமல் போக, நானும் முதுகையே நினைத்துக்கொண்டிருப்பதை மெல்ல விட்டேன். நோ போகவில்லை. இருந்தெழும்பி இருந்தெழும்பி, நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறு மாதத்தில் ஒரு பாடம், நாற்பது நிமிடமும் நின்று படிப்பித்தேன். இடமாற்றமும் நின்றது.

போன வருடம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க, அவர் இடுப்பைப் பிடித்தபடி கடைசியாக வந்தார். எனக்குக் கண் தெரியாமலில்லை. ஆனாலும் அவர் பழக்கிய பிள்ளையாக, "இண்டைக்கு என்ன வேலை அக்கா?" என்றுதான் கேட்டேன்.

"கிளினிக்குக்கு ஒன்பது பேர் வருகினம்," என்று சிரித்தார்.

மரணவீட்டில் கதைத்துப் பார்த்தால், உங்களில் பலரும் அவரிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். நோகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. புதிதாக ஒரு நோ வந்தால் உடனே டொக்டரிடம் காட்டவேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர், தனக்கு வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா, நான் நின்று படிப்பிக்கும் நாற்பது நிமிடம் நீங்கள் தந்தது. அதையும் வைத்திருக்கிறேன். இந்தக் கோபத்தையும் வைத்திருக்கிறேன்.