மறுமை உண்டு என்று சொன்னவர்

கிளோவிஸ் ஆம்ப்ரியை டென்னசி மலைப்பக்கத்தில் எங்கள் மாவட்டக்காரர்கள் யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். மர அறுவை ஆலையில் முதுகு போனபின் மாவட்டப் பதிவுகளையும் வரியையும் பார்க்கும் கவுண்ட்டி எழுத்தர் பதவிக்குத் தேர்தலில் நின்றார். சிரித்த முகம், எல்லோர் பெயரும் தெரியும், ஜெயித்துவிட்டார்.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மகள் டெல்லா காய்ச்சலில் இறந்த குளிர்காலத்தோடு அது போய்விட்டது. மனைவி இமோஜீனுக்காக ஞாயிறுதோறும் சபைக்குப் போய், பாட்டுக்கு வாயசைத்துவிட்டு வருவார். எங்கள் மாநிலச் சட்டமோ, கடவுளையும் மறுமையில் கிடைக்கும் பலனையும் தண்டனையையும் மறுப்பவர் பதவி வகிக்கக் கூடாது என்றது. பதவியேற்பு அன்று நீதிபதி அதைக் கேட்டார். கிளோவிஸ் பைபிள்மேல் கை வைத்து, "நம்புறேன் ஐயா" என்றார். அன்றைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து பொரித்த கோழி சாப்பிட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து எனிட் புரூயிட் வந்தாள். கணவனை இழந்தவள், வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு வேலை. பத்திரங்களுக்குச் சாட்சி முத்திரை குத்தும் நோட்டரி ஆனால்தான் வேலை நிரந்தரம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நோட்டரிக்கும் அதே உறுதிமொழி. அதைக் கேட்க வேண்டியவர் கிளோவிஸ்.

"மத்ததெல்லாம் சொல்றேன். கடவுள் பேர்ல மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் எனிட்.

"ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லிட்டுப் போயேன்."

"நம்பாததை எப்படிச் சொல்றது? பொய் சத்தியம் பண்ணிட்டு, அப்புறம் ஊர்க்காரங்க சத்தியத்துக்கு நான் முத்திரை குத்தணுமா?"

கார் வரி கட்ட வரிசையில் நின்ற ஹார்மன் ஸ்டைல்ஸ், சபை மூப்பர், உரக்கச் சிரித்தார். "கேட்டியா கிளோவிஸ்? நம்மளையெல்லாம் முட்டாள்ங்குறா."

எனிட் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க நம்புறீங்களா, மிஸ்டர் ஆம்ப்ரி?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. வரிசை முழுக்க அவரையே பார்த்தது.

"நம்பாதவன் இந்த நாற்காலியில உக்கார முடியுமா? உன்னை மாதிரி ஆளுங்களுக்கு இங்க இடமில்லை, போம்மா."

வரிசை சிரித்தது. ஹார்மன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனிட் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இடமில்லை" என்று சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. சட்டம் இப்படி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அதுதான் அவரை அரித்தது. வக்கீல் எனிட்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கடையில் அவளுக்கு மீதிச் சில்லறை கொடுத்தவன், "கடவுள் பேர் அச்சடிச்ச காசும்மா, பரவாயில்லையா?" என்று கேட்டான். கிளோவிஸ் அங்கேதான் காபித்தூள் வாங்கிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வசந்தத்தில் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு நாக்ஸ்வில் நகரத்துக்குப் போனாள்.

அடுத்த தேர்தலிலும் கிளோவிஸே ஜெயித்தார். பதவியேற்பில் நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார்.

"இல்லை ஐயா."

"கேள்வி சரியா காதுல விழலையா, கிளோவிஸ்?"

"விழுந்துச்சு. நான் நம்பலை. போன தடவையும் நம்பலை."

இமோஜீன் எழுந்து வெளியே போனாள். காரில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டெல்லாவை இனிமே பார்க்கவே மாட்டோம்னா நினைக்கிறே?" அவர் காரைக் கிளப்பினார்.

பதவி போனது. தீவனக் கடையில் எடை போடும் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை நாக்ஸ்வில்லுக்குப் போய், எனிட் துணி தேய்க்கும் சலவைக்கடையைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அன்னிக்கே நீங்களும் நம்பலையா?"

"ஆமா."

"வேலை போனதைக்கூட விடுங்க. அந்த ஊர்லயே நான் ஒருத்திதான் இப்படியோன்னு நினைச்சு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். நீங்க கண்ணால ஒரு சாடை காட்டியிருந்தாப் போதுமே."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அடுத்த வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் விலகி வழிவிட்டார்.