சோலையப்பண்ணன் டேங்கில் ஒரு கீறல்

சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளி — அடியேன்.

பங்காளிகள் மூன்று பேர் சேர்ந்து இருக்கும் பழைய பெரிய வீடு எங்களுடையது. மூத்தவர் சோலையப்பண்ணன், என் பெரியப்பா மகன். பதிந்து வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, இப்போதுதான் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். அடர் சிவப்பு. துடைப்பதற்குப் பழைய பட்டுத்துணி வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பெட்ரோல் டேங்கில் ஒரு கீறல். லேசாகப் பட்டதல்ல… பெயிண்ட் பிளந்து தகரம் பல்லிளிக்கிற கீறல்.

அன்று காலைதான் என் மகள் கல்யாணத்துக்கான பித்தளைச் சாமான்கள் வாசலில் வந்து இறங்கியிருந்தன. மோட்டார் சைக்கிள் நின்றதும் அதே வாசலில். வேறென்ன சாட்சி வேண்டும்?

"ஒன் வீட்டு அண்டாதான் ஒரசியிருக்கு. அதச் சரி பண்ணாம கல்யாணத்துக்கு என்னைய எதிர்பாக்காதே" என்றார் அண்ணன்.

சொன்னால் செய்கிற மனிதர். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு மூத்த பங்காளி சபையில் வந்து நிற்கவில்லை என்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? எனக்கே ஒரு சந்தேகம். அண்டாவை இறக்கும்போது நான்தானே பக்கத்தில் நின்றேன்? ஒருவேளை வீட்டின் அடுத்த கட்டில் இருக்கும் மூன்றாவது பங்காளியின் வேலையோ? அவருக்கு அந்த வண்டிச் சத்தமே ஆகாது. நான் அவரை ஒரு மாதிரிப் பார்க்க, அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்க…

சரி, முதலில் கீறல் போகட்டும் என்று காரைக்குடியில் லாரிக்கு பெயிண்ட் அடிக்கும் ஷெட்டுக்கு அண்ணனோடு போனேன். பெயிண்டர் காதர் பாய் குனிந்து பார்த்தார். கார்புரேட்டரில் குங்குமப் பொட்டு. பிளக்கில் ஒரு பொட்டு. பூஜை போட்டீர்களா என்று கேட்டார். பூஜையாவது… ஷெட்டில் யாரும் வண்டிச் சாமானை மாற்றிவிடாமல் இருக்க அண்ணன் வைத்த அடையாளம்!

காதர் பாய் எமரி தாளால் தேய்த்தார். பட்டி வைத்துப் பள்ளத்தை மூடினார். காயவிட்டு மறுபடி தேய்த்து, பிரைமர் பூசி, சிவப்பை ஸ்ப்ரே செய்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன், கலப்படம் உண்டா என்று என்னை பெயிண்ட் டப்பாவை மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு என்ன தெரியும்? மோந்தேன், தலையாட்டினேன். பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று காதர் பாய் சொன்னால் அண்ணன் நம்புவாரா? விரலால் அழுத்தினார். ரேகை பதிந்தது. காதர் பாய் மறுபடி எமரி தாளை எடுத்தார்.

முந்தாநாள் காலை. புது மெருகோடு வண்டி வாசலில் நின்றது. அண்ணன் புறப்பட்டார்.

எங்கள் தலைவாசல் சாவியைப் பங்காளிகள் வருஷத்துக்கு ஒருவர் முறை வைத்து வைத்திருப்போம். இந்த வருஷம் அண்ணன் முறை. ஒரு சாண் நீள இரும்பு. எங்களை நம்பி அதை ஆணியில் மாட்ட மாட்டார். இடுப்பு பெல்ட்டில் முன்பக்கம் தொங்கவிட்டிருப்பார். காலைத் தூக்கிப் போட்டு சீட்டில் அமர்ந்தார். கர்ர்ர்…

அதே இடம். அதே கீறல்.

எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கல்யாணத்தை நினைத்து இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"எறங்குங்கண்ணே. சாவிதான் இடிக்குது. எங்கிட்டக் குடுத்துட்டுப் போறீகளா? பத்திரமா வச்சிருக்கேன்."

அண்ணன் கீறலைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஓகோ… இந்தச் சாவிக்காகத்தானா இம்புட்டும்?"

ஆனாலும் கல்யாணத்துக்கு அவசியம் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தனை பேர் வீட்டில் கூடுகிற நாளில் வாசல் கதவையும் சாவியையும் யாரை நம்பி விடுவாராம்?