இது பாஸ் ஆகாது

உள்ளே நுழைந்ததும் அக்கா தன் கணவரைப் பார்க்க மாட்டாள். முதலில் அவர் தலையணையை முகர்ந்து பார்ப்பாள். பிறகு கட்டிலின் பக்கக் கம்பிக்கு அடியில் விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடிப்பாள். மேசைமேல் இருக்கும் கூஜாவிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். கடைசியாகப் போர்வையைக் கால் பக்கம் விலக்கி, அத்தானின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று குனிந்து பார்ப்பாள். படுக்கைப் புண் வரப்போவது அங்கேதான் முதலில் தெரியுமாம். நிறம் திரும்பிய பிறகுதான் நிமிர்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள்.

அத்தானால் பதில் சொல்ல முடியாது. பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அவரைப் புரட்டித் தூக்க அக்காவின் முதுகு இடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் இருப்பதே இந்த ஒரு பராமரிப்பு இல்லம்தான்.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். வந்து விழும் சட்டையை உள்ளும் புறமும் புரட்டி, தையலை நகத்தால் இழுத்து, பிசகு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது வேலை. அவளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த நகத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. இங்கேயும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் வருகிறாள். ஜன்னல் திரையின் ஓரம் பிரிந்திருப்பதைக் காட்ட, ஒரு நாள் நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சூப் ஆறியிருந்தால், "இது பாஸ் ஆகாது." அத்தானின் சட்டையில் பொத்தான் மாறியிருந்தால், "இது பாஸ் ஆகாது." பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஷேவிங் சரியில்லை என்றுகூடச் சண்டைக்குப் போனாள்.

"அவரோட பொண்ணே ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றேன்.

"அவ எங்கடா வர்றா, சொல்றதுக்கு?" என்றாள்.

கூடப் போகும் எனக்குத்தான் மானம் போகிறது. அவள் தலையைக் கண்டாலே நர்ஸ்கள் மருந்து அறைக்குள் புகுந்துகொள்கிறார்கள். அவள் சொல்வதில் பாதி, குறையே கிடையாது. அதனாலேயே மீதிப் பாதியையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

போன வாரம் அழைப்பு மணி விவகாரம். மணியின் வயர் கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடக்க, அத்தான் யாரையும் கூப்பிட வழியில்லாமல் ஈரத்திலேயே படுத்திருந்தார். அக்கா போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "சார், உங்க அக்கா இன்னொரு தடவை வாயைத் திறந்தா, அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. வேலையை விட்டுடுவோம்னு எல்லாரும் சொல்றாங்க."

வெளியே வந்ததும் நடுத்தெருவில் கத்திவிட்டேன். "உன் வாயால இந்த இடமும் போயிடும். அப்புறம் அத்தானை எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பேச்சு வந்தா நான் ஏன்டா பேசப் போறேன்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சரி, இனிமே வாயே திறக்கல. போதுமா?" என்றாள்.

நேற்று போனபோது மேனேஜரே அறைக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. கட்டிலுக்கு வலப்புறச் சுவரில் புதிய மணி, பெரிய பச்சைப் பொத்தானோடு. "அம்மாவுக்காகவே ஆள் வரவழைச்சு மாட்டினோம். இனி வயரும் இல்ல, கீழே விழறதும் இல்ல." அவரே அழுத்திக் காட்டினார். வெளியே கணீரென்று ஒலித்தது. நர்ஸ் உடனே வந்து நின்றாள். "இப்ப திருப்திதானேம்மா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அக்கா தலையணையை முகரவில்லை, கம்பியைத் தொடவில்லை. மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு கட்டிலின் மேல் குனிந்தாள். அத்தானின் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்து, மணி வரைக்கும் உயர்த்தி, அவர் விரலைப் பச்சைப் பொத்தான்மேல் வைத்தாள். மேனேஜரைப் பார்த்தபடியே கையை விட்டாள். அது தொப்பென்று போர்வையில் விழுந்தது.

மறுபடியும் எடுத்து உயர்த்தினாள்.