பச்சை அடுக்கு

சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடியில்தான் பெண்களுக்கான அந்தக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் பயிற்சி நடந்தது. அச்சக அண்ணாச்சிதான் பயிற்சி நிலையத்துக்கும் முதலாளி. காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடந்தபோதே பாட அட்டைகளை அடித்து வைத்துவிட்டார். கூடவே, எங்கள் பெயருக்கு விட்ட இடத்தின் கீழே 'முதல் வகுப்பு' என்று தங்க எழுத்தில் மின்னும் சான்றிதழ்களையும். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை வேண்டியிருந்தது. மகள் இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. மதுரைக் கம்பெனி ஒன்று அப்படி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் ஆமத்தூரிலிருந்து தினமும் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். அவளை மாமியாரிடம் விட்டு வந்தது சரிதானா என்று வழியெல்லாம் யோசிப்பேன்.

வகுப்பில் ஒரு ரௌட்டர் இருந்தது, கண்ணாடி அலமாரியில், செலோபன் பிரிக்காமல்.

"ஒருதடவ தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று பாடம் நடத்தியவரிடம் கேட்டேன்.

"பிரிச்சிட்டா அடுத்த பேட்சுக்கு என்னத்தக் காட்டுறது? படத்துலதான் அம்புட்டும் இருக்கே. ஏன் மேடம் அவசரப்படுறீக?"

இணையத்தின் ஏழு அடுக்குகளுக்கும் அட்டையில் ஏழு நிறம். அச்சு ஊரல்லவா, நிறத்துக்கா பஞ்சம்? பெயர்கள் வாயில் நுழையாததால் சாரும் நிறத்தைச் சொல்லியே நடத்தினார். பச்சைக்கு மேலே மஞ்சள், மஞ்சளுக்கு மேலே ஊதா. கோலப்பொடி விற்பதுபோல இருக்கும்.

மதுரைக் கம்பெனி வீடியோவில் நேர்முகம் வைத்தது. ரௌட்டர் எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்று கேட்டார்கள். "பச்சையில" என்றேன். எதிரில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது.

மகளையும் தூக்கிக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"போனாப் போகுது தாயி. நம்ம சாரு சென்னைக்குப் போறாரு. அடுத்த பேட்ச நீங்களே எடுங்க. பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க, யாரு கேக்கப் போறா?"

"எனக்கே ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி."

"அவருக்கு மட்டும் என்ன தெரிஞ்சிச்சு? அட்டைய வாசிக்கத் தெரியும்ல?"

வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் கணவர், "பிள்ளையோட இருக்கிற மாதிரி வேலதான கேட்ட?" என்றார். உண்மைதான். அதே வேலையைத்தான் மறுத்துவிட்டு வந்திருந்தேன். தப்புச் செய்துவிட்டேனோ என்று இன்றும் தோன்றும். ஆனால் இன்னொரு வகுப்புப் பெண்களையும் அதேபோலப் பச்சை என்று சொல்லவைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.