காயாத கதவு

என் அண்ணனுக்கு எதையும் யோசித்துச் செய்யும் பழக்கம் கிடையாது. கொல்லம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், காயலோரம் கரையேற்றிப் போட்டிருந்த பழைய மரப்படகு ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, அதை லாரியில் ஏற்றி ஆரியங்காவு வழியாகக் குற்றாலத்துக்கே கொண்டு வந்துவிட்டான். எங்கள் லாட்ஜ் முற்றத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் உட்காரவைத்தான். சின்னப் படகுதான். நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மர அறை, அதற்கு ஒரு குட்டைக் கதவு. சீசனுக்கு வருகிறவர்கள் அந்த அறையில் தங்க அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்களாம். அருவியைத் தேடி வருகிறவன் செங்கல் மேல் நிற்கிற படகில் எதற்குப் படுக்கவேண்டும் என்று கேட்டேன்.

"ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்றான். பாவாடை கட்டிய காலத்திலிருந்து எனக்கு அவன் சொல்லிவரும் பதில் இது ஒன்றுதான்.

லாட்ஜை அப்பா எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். நடத்துவது நான். காலையில் தென்காசியில் பஸ் ஏறி வந்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பதிலிருந்து, குடித்துவிட்டு மாடிப்படியில் கிடப்பவனை எழுப்பி அனுப்புவது வரை எல்லாம் என் தலையில்தான். அண்ணன் வீடு பின்தெருவில். வருவான், பின்கட்டுக் கொட்டகையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சியிடம் உடம்பைக் கொடுப்பான், அருவிக்குப் போய்க் குளிப்பான், திரும்பி வந்து முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பான். அதற்குப் பெயர் மேற்பார்வை.

இந்த மேற்பார்வையும் சலித்துப்போய், மதுரைக்காரர் ஒருவருக்கு லாட்ஜை மொத்தமாகக் குத்தகைக்கு விடப் பேசிவைத்திருந்தான். என் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. நான் போடமாட்டேன் என்றேன். அந்த லாட்ஜ் இல்லாவிட்டால் நான் தென்காசி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும். அதனால் அண்ணியையும் சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினான்.

"ஆனி பொறக்கதுக்குள்ள அந்தப் படகு ரூம ரெடி பண்ணிக் காட்டு. இந்த வருசமும் நீயே நடத்து. முடியலேன்னா மறுபேச்சுப் பேசாம கையெழுத்துப் போடணும். சரியா?"

எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால்தான் வரும். "சரி" என்று சொல்லிவிட்டேன்.

அறைக்கு ஃபேன், மெத்தை, ஓட்டைக்குத் தகரம் எல்லாம் ஆள் விட்டு முடித்தேன். கதவு மட்டும் பாக்கி நின்றது. நல்ல தேக்கு. ஆனால் உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடந்து வெளிப்பக்கம் சாம்பல் பூத்து, பழைய வார்னிஷ் செதில் செதிலாக எழும்பி நின்றது. சீசன் நெருங்கும்போது பாலிஷ் ஆட்கள் போனை எடுக்கவே மாட்டார்கள். லாட்ஜ் கதவுகளுக்கு வருஷா வருஷம் நானேதான் அடிக்கிறேன். இதையும் கழற்றிக் கொட்டகையில் இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தினேன்.

சுரண்டியால் பழையதை எடுத்தேன். முரட்டு உப்புத்தாள் போட்டேன், பிறகு மெல்லியது. இழை ஓடும் வாக்கிலேயே தேய்க்கவேண்டும், குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தாலும் வார்னிஷ் அடித்தபின் கீறலாகத் தெரியும். சாம்பல் போய்த் தேன் நிறம் வந்தபோது, அண்ணன் வாங்கிவந்ததிலேயே உருப்படியான பொருள் இதுதான் என்று தோன்றியது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, எண்ணெய் மேல் வார்னிஷ் காயாது, அதனால் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு வழுவழுப்பு.

வார்னிஷ் அடிப்பதற்குள் அச்சன்புதூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. போகாமல் இருக்க முடியாது. கதவை அப்படியே கொட்டகையில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது மரம் கொஞ்சம் கறுத்திருந்தது. காற்றில் ஈரம் ஏறிவிட்டது, சாரல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, தூசியைத் தட்டிவிட்டு வார்னிஷை அடித்தேன்.

ஓரங்கள் எல்லாம் காய்ந்து கண்ணாடி போல் ஆயின. நடுவில் மட்டும் பிசுபிசுத்தது. இன்னொரு பூச்சுக் கொடுத்தேன், அதுவும் அப்படியே. ஃபேன் போட்டேன், வெயிலில் தூக்கி வைத்தேன், வார்னிஷ் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனியும் பிறந்தது, சாரலும் விழுந்தது. அன்றைக்கே அண்ணன் மதுரைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தான். கதவு நடுவில் விரலை அழுத்தி எடுத்து, ஒட்டிய விரலை அவர் முகத்துக்கு நேரே காட்டினான்.

"பாத்தியளா? ஒரு கதவுக்கு வார்னிஷ் அடிக்கத் துப்பு இல்ல. இவ லாட்ஜ் நடத்துதாளாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் கிடந்த சுரண்டியை எடுத்து அவன் கையிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது. மதுரைக்காரர் கதவின் மேல் குனிந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க இது, வார்னிஷ் வாடையோட எண்ணெய் வாடையும் தூக்கலா வருது?"

எனக்கு வரவில்லை. குற்றாலத்தில் பிழைக்கிற மூக்குக்கு எண்ணெய் வாடை தெரியாது. படிக்கட்டில் எண்ணெய், தலையணையில் எண்ணெய், வருகிறவர்கள் நீட்டும் ரூபாய் நோட்டில் எண்ணெய். பார்வையை மாற்றி, வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்று கதவைப் பார்த்தேன். பிசுபிசுப்புக்கு ஓர் உருவம் இருந்தது. மேலே தலை, கழுத்து, அகன்ற தோள், நடுமுதுகு, இடுப்பு. கதவு குட்டை என்பதால் அதோடு முடிந்திருந்தது.

எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி மூலையில் நின்று, கழுவிய கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கதவுல யாரப் படுக்கப் போட்டீரு?"

அவர் என் அண்ணனைப் பார்த்தார். அண்ணனே சொன்னான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"நாந்தான் படுத்தேன். நீ கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப. பலகை நல்லா வழுவழுன்னு இருந்துது, வாகா ஸ்டூல் மேல வேற கெடந்துது. படுத்தா என்னங்கேன்?"

"அது நான் தேச்ச கதவு."

"கதவுன்னு எனக்கென்ன தெரியும்? பலகைன்னு நெனச்சேன். அத விடு, காஞ்சுதா? காயலைல்லா? பேசுனது பேசுனதுதான். கையெழுத்தப் போடு."

வேண்டுமென்றே கெடுத்திருந்தால்கூட எனக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். என் வேலையைக் கெடுக்கவேண்டும் என்று அவன் ஒரு நிமிஷமாவது நினைத்திருக்கவேண்டும் அல்லவா? அவன் அதைக்கூட நினைக்கவில்லை. நான் குனிந்து குனிந்து முதுகொடியத் தேய்த்தது அவன் சுகமாகப் படுத்துக்கொள்ளத்தான் ஆயிற்று. இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"போடமாட்டேன்" என்றேன்.

"சித்தப்பா முன்னால சொன்ன வாக்கு மாறுதியா?"

"ஆமா, மாறுதேன். போயி ஊரெல்லாம் சொல்லு."

மதுரைக்காரர் கடையிலிருந்து வந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அண்ணன் தங்கை சண்டைக்கு நடுவில் நான் வரவில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அண்ணன் அதற்குப்பின் என்னோடு பேசவில்லை. எண்ணெய் தேய்ப்பும் பேப்பரும் மட்டும் நிற்கவில்லை.

கதவை மறுபடி சுரண்ட நேரமில்லை, எனக்கு மனமும் இல்லை. உருவம் தெரியும் பக்கம் வெளியே பார்க்கும்படி அப்படியே மாட்டினேன். ஒட்டுகிற இடத்தில் தூசியும் பூச்சியும் வந்து ஒட்ட ஒட்ட, சீசன் சூடுபிடித்தபோது ஆள் நன்றாகக் கறுத்துத் தெளிந்துவிட்டான். படகு அறை ஒரு நாளும் காலியாக இல்லை. அந்த விஷயத்தில் அண்ணன் சொன்னது பலித்தது, அதிலும் எனக்குக் கடுப்புதான்.

ஆடியில் ஒரு குடும்பம் வந்தது. ஈரத்துணி காயப்போட வந்த அந்த அம்மாள் கதவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இது என்னக்கா, ஆள் படுத்திருக்க மாதிரி?"

"எங்க அண்ணன்" என்றேன்.

"அய்யோ பாவமே. எப்ப?"

"போன வைகாசியில."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முற்றத்தில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கவில்லை. நானும் திருத்தவில்லை.